இறந்தது ஒரு குழந்தை. மற்ற இரு குழந்தைகளின் விஷயத்தில் தலையிட யாருக்கு அதிகாரம்?

திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவருடைய தங்கை திருப்பூரில் கணவரோடும் மூன்று குழந்தைகளோடும் வாடகை வீட்டில் இருந்தவர். கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர். கடைசிக் குழந்தை, பதினொரு மாத ஆண் குழந்தை, ஐந்து நாள் வயிற்றுப்போக்குக்குப் பிறகு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துவிட்டது. குழந்தையின் எடை மிகக் குறைவாக இருந்ததைப் பார்த்த மருத்துவர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்திருக்கிறார். சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகி உடற்கூறாய்வும் நடந்துவிட்டது. இரண்டு மாதமாகியும் இறுதி அறிக்கை வரவில்லை. அந்த வீட்டு அலமாரியில், அங்கன்வாடியில் கொடுத்த உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் இரண்டு பிரிக்கப்படாமலே கிடந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக இவர் எழுதுகிறார்.

துக்கத்துக்குப் போனவர் திரும்பும்போது எட்டு வயதுப் பெண்ணையும் நான்கு வயதுப் பையனையும் தன்னோடு அழைத்து வந்துவிட்டார். வந்த முதல் வாரத்தில் தலையணை உறையை மாற்றப்போனபோது, பெரியவள் தம்பிக்கென்று ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டுகள் உள்ளேயிருந்து விழுந்திருக்கின்றன. இப்போது தங்கையின் கணவர் குழந்தைகளைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் குடித்துவிட்டுப் போனில் மிரட்டுகிறார். தங்கை யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. கணவர் இல்லாத நேரத்தில் மட்டும் "அங்கேயே இருக்கட்டும் அக்கா" என்கிறார். காவல் நிலையத்தில் அறிக்கை வரட்டும் என்கிறார்கள். தெரிந்த வழக்கறிஞர் ஒருவரோ, இந்த இரு குழந்தைகள் மேல் ஒரு காயமும் இல்லாதபோது எந்த நீதிமன்றமும் தலையிடாது என்றிருக்கிறார். குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனால் பிள்ளைகளை ஹோமில் போட்டுவிடுவார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் இருபது ரூபாய் முத்திரைத் தாளில் தங்கையிடம் எழுதி வாங்கி வைத்திருக்கிறார். அது செல்லுமா, எந்த ஊரில் யாரிடம் போவது, போனால் தங்கை சிறைக்குப் போய்விடுவாளா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு குழந்தையைப் பறிகொடுத்த துக்கமும், அந்தத் துக்கத்துக்குக் காரணம் சொந்தத் தங்கையோ என்ற சந்தேகமும் ஒரே நேரத்தில் மனத்தில் இருப்பது எவ்வளவு பாரம் என்பது வரிக்கு வரி தெரிகிறது. உங்களிடம் சொல்லப்பட்டவற்றில் மிகவும் தவறானதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற இரு குழந்தைகளின் உடம்பில் காயம் விழும்வரை சட்டம் காத்திருக்க வேண்டும் என்பது சரியல்ல.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்பதை 2-ஆம் பிரிவின் 14-ஆம் உட்பிரிவில் வரையறுக்கிறது. ஒரு குழந்தை யாரோடு வசிக்கிறதோ அந்த நபர் வேறொரு குழந்தையைக் கொன்றிருந்தாலோ, துன்புறுத்தியிருந்தாலோ, புறக்கணித்திருந்தாலோ, அதோடு அதே நபரால் இந்தக் குழந்தைக்கும் அப்படி நேர்வதற்கு நியாயமான வாய்ப்பும் இருந்தால், இந்தக் குழந்தையும் அந்த வரையறைக்குள் வருகிறது. உங்கள் வீட்டு நிலைமைக்கென்றே எழுதி வைத்ததுபோல் இருக்கும் இந்த வரி நடைமுறையில் அதிகம் எடுத்துச் சொல்லப்படுவதில்லை. நீங்கள் பார்த்த வழக்கறிஞரும் அதைத் தவறவிட்டிருக்கக்கூடும்.

ஆனால் அந்த வரி இரண்டு காலில் நிற்கிறது. முன்னொரு குழந்தை புறக்கணிக்கப்பட்டது என்பது ஒரு கால். அதே நபரால் இந்தக் குழந்தைக்கும் ஆபத்து வர வாய்ப்பிருக்கிறது என்பது மறு கால். முதலாவதை மட்டும் காட்டினால் போதும் என்று நீங்கள் நினைப்பதாகக் கடிதத்தின் தொனியிலிருந்து எனக்குப் படுகிறது. போதாது. தம்பி இறந்தான் என்பதாலேயே அக்காவையும் அண்ணனையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கும்படி சட்டம் சொல்லவில்லை. 'அந்த நபர்' என்ற சொல்லையும் கவனியுங்கள். புறக்கணித்தது தாயா, தந்தையா, இருவருமா என்பதைப் பொறுத்து, குழந்தைகளை யாரிடமிருந்து காக்க வேண்டும் என்பதே மாறிவிடும்.

உடற்கூறாய்வு அறிக்கைக்காகக் காவல்துறை காத்திருப்பதில் தவறில்லை. சந்தேக மரண விசாரணை, முன்பு 174 என்று சொல்லிவந்த பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்கீழ் நடக்கிறது. அதன் நோக்கம் மரணத்தின் காரணத்தைக் கண்டறிவது. உள்ளுறுப்புப் பகுப்பாய்வு முடிந்து வரப் பல மாதங்கள் ஆவது சாதாரணம். ஆனால் உயிரோடிருக்கும் குழந்தைகளின் பாதுகாப்பு அந்த விசாரணைக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றம் நிரூபிக்கப்பட வேண்டும். குழந்தைகளின் பாதுகாப்பு விசாரணையில் கேள்வியே வேறு: இந்த வீட்டில் இந்தக் குழந்தைக்கு நாளை என்ன நடக்கக்கூடும்? முதல் வழக்கில் யாரும் தண்டிக்கப்படாமலே போனாலும் இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் அதிகாரம் அப்படியே இருக்கும்.

புறக்கணிப்பா, இல்லாமையா?

இந்த இடத்தில் உங்களோடு சற்று நேரம் இருக்க விரும்புகிறேன், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. பிரிக்கப்படாத அந்த இரண்டு பொட்டலங்களை நீங்கள் தங்கையின் அலட்சியத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் படித்தபோது எனக்கு வேறு கேள்விகள் எழுந்தன. ஒரு பொட்டலத்தை எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்களா? குழந்தை பிறந்ததிலிருந்தே அவர் சரியாகத் தூங்குவதில்லை, தலை வாருவதில்லை, குழந்தை அழுதாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். நானோ நீங்களோ அல்ல. அது உண்மையானால், தங்கை குழந்தையைக் கைவிட்டவர் என்பதைவிட, தானே கைவிடப்பட்டவர் என்பது பொருத்தமாக இருக்கும்.

அடுத்தது அந்தக் குரல் செய்தி. குழந்தை இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு தங்கை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துச் சொல்கிறேன்: "புள்ளைக்கு நிக்கவே இல்லக்கா, ஆட்டோவுக்குக் காசு கேட்டா அடிக்க வர்றாரு." பள்ளியில் தேர்வு வேலையில் இருந்ததால் மறுநாள்தான் கேட்டேன் என்று நீங்கள் படும் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் அந்தச் செய்தி மிகவும் கனமானது. உதவி கேட்ட தாயும், உதவியைத் தடுத்த தந்தையும் அதில் இருக்கிறார்கள். 108 ஆம்புலன்ஸுக்குக் காசு வேண்டாமே என்று நீங்கள் கேட்கலாம். அடிக்குப் பயந்து வாசலைத் தாண்டாத பெண்ணுக்கு அந்த எண் தெரிந்தும் பயனில்லை.

வறுமை குற்றமல்ல, அறியாமையும் நோயும் குற்றமல்ல. பிடித்துவைத்திருந்த பணத்தைக் குழந்தையின் மருத்துவத்துக்குத் தராமல் குடித்தது வேறு வகை. இந்த வேறுபாட்டை நீங்கள் இப்போதே மனத்தில் பிரித்துக்கொண்டால், எங்கே போனாலும் சரியான கோரிக்கையோடு போவீர்கள்.

எந்த ஊர், எந்த மன்றம்?

உங்களுக்கு முன்னால் மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் எல்லையும் வேறு.

முதலாவது, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை தொடர்பான வழக்கை முடிவு செய்யும் இடம் இதுதான். குழந்தைகள் இப்போது உங்களோடு இருப்பதால் திண்டுக்கல் குழுவின் முன் அவர்களை அழைத்துச் செல்லலாம். வீடு, பள்ளி, அங்கன்வாடிப் பதிவு, காவல் வழக்கு எல்லாம் திருப்பூரில் இருப்பதால், அந்தக் குழு வழக்கைத் திருப்பூருக்கு மாற்றவும் கூடும். மாற்றினால் தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம். ஆவணங்கள் இருக்கும் இடத்தில் விசாரணை நடப்பது உங்களுக்கும் நல்லது. தந்தை குழந்தைகளைத் திரும்ப அழைத்துச் சென்றுவிட்டாலும் வழி அடைபடாது. முன்னிலைப்படுத்தப்படாத குழந்தையின் விஷயத்தையும் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து முடிவெடுத்துத் தாமாகவே கையிலெடுக்க 30-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. குழந்தைகள் இப்போது தந்தையோடு வசிக்கவில்லையே, வரையறை பொருந்தாதே என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். துக்கத்துக்குப் பிறகு சில வாரம் பெரியம்மா வீட்டில் தங்குவது வசிப்பிடம் மாறியதாகாது என்பதும், அவர் இப்போதே திரும்பக் கேட்கிறார் என்பதும் அதற்கான பதில். பெற்றோர் பராமரிக்கத் தகுதியற்றவர் என்று குழு காணும் நிலையும் அதே வரையறையில் தனியாக இருக்கிறது.

இரண்டாவது, 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி குடும்ப நீதிமன்றத்தில், அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்தில், போடும் மனு. இங்கே எல்லையைத் தீர்மானிப்பது குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம். பள்ளிச் சேர்க்கையும் வீடும் திருப்பூரில் இருக்கும்வரை திண்டுக்கல்லில் போடும் மனு அந்தக் காரணத்துக்காகவே திருப்பி அனுப்பப்படலாம். குழந்தைகளை அவசரமாக உங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்த்து அதிகார எல்லையை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீதிபதிகள் அதை எளிதில் கண்டுகொள்வார்கள். நிரந்தரமாக வளர்க்கும் உரிமை வேண்டுமானால் இந்த நீதிமன்றம்தான் தர முடியும். உறவினருக்கிடையேயான உரிமைச் சண்டையைத் தீர்ப்பது நலக் குழுவின் வேலை அல்ல. தாயின் சந்தேக மரணத்துக்குப் பிறகு தந்தையும் தாய்வழித் தாத்தா பாட்டியும் ஒரு சிறுவனுக்காக வழக்காடியபோது, தந்தை மீது குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதைக் கணக்கில் எடுக்காமல் குழந்தையை அவரிடம் கொடுத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொன்னது. குழந்தையின் விருப்பத்தைக் கேட்காததையும் அது குறையாகக் கண்டது. உங்கள் வழக்கறிஞர் அந்தத் தீர்ப்பைத் தேடி எடுக்கட்டும்.

மூன்றாவது கதவை நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி தங்கையே நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். பாதுகாப்பு உத்தரவோடு, 21-ஆம் பிரிவின்கீழ் குழந்தைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவையும் கேட்கலாம். பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்தின் நடுவருக்கும் இந்தச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. அதாவது தங்கை உங்கள் வீட்டுக்கு வந்து தங்கினால் திண்டுக்கல்லிலேயே மனுப் போடலாம். ஆபத்து கணவரிடமிருந்துதான் வருகிறது என்றால், தாயையும் பிள்ளைகளையும் சேர்த்தே காக்கும் வழி இது ஒன்றுதான். வருவதற்கு அவருக்குத் துணிவு வேண்டும். அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416-உம் இருக்கின்றன.

முத்திரைத் தாளும் ஹோமும்

நீங்கள் எழுதி வாங்கிய தாள் உங்களைப் பாதுகாவலர் ஆக்காது. குழந்தை, எழுதிக் கொடுத்துக் கைமாற்றும் சொத்து அல்ல. தங்கை மனமுவந்து அனுப்பினார் என்பதைக் காட்ட அந்தத் தாள் ஓரளவு உதவும், அவ்வளவுதான். பெற்றோர் இருவரும் இயற்கைப் பாதுகாவலர்களாக இருக்கும் நிலையில், தந்தை கேட்ட பிறகும் எந்த உத்தரவும் இல்லாமல் நீங்கள் வைத்துக்கொண்டிருந்தால், அவர் கடத்தல் என்று புகார் கொடுக்கலாம். குழந்தைகளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கோரும் ஆட்கொணர்வு மனுவையும் உயர் நீதிமன்றத்தில் போடலாம். தாயின் உடன்பிறந்தோர் அன்போடு வளர்த்துவந்த குழந்தையை, தந்தைக்கு எதிராகக் குறை ஏதும் இல்லாத நிலையில், ஆட்கொணர்வு மனுவிலேயே அவரிடம் ஒப்படைத்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2019-இல் வந்திருக்கிறது. உங்கள் வழக்கில் தந்தைக்கு எதிராகச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் முந்திச் சென்று சொல்ல வேண்டும். அவர் வழக்குப் போட்ட பிறகு பதிலாகச் சொன்னால் அதன் எடை குறைந்துவிடும். குழந்தைகளை 'சரண்டர்' செய்து எழுதிக் கொடுக்கும்படி தங்கையிடம் யாராவது சொன்னால் தடுத்து விடுங்கள். அது பெற்றோர் உரிமையையே விட்டுக்கொடுத்துத் தத்துக்கு வழிவிடும் நடவடிக்கை. உங்களுக்குத் தேவையானது அது அல்ல.

ஹோமைப் பற்றிய பயம் ஊரெங்கும் இருக்கிறது. ஆனால் இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்ட கோட்பாடு. 37-ஆம் பிரிவின்படி குழு கண்காணிப்போடு பெற்றோரிடமே குழந்தையைத் திரும்ப அனுப்பலாம்; தகுதியுள்ள நபர் என்று ஏற்றுக்கொண்டு உங்களிடமே ஒப்படைக்கலாம்; தாய்க்கும் குழந்தைக்கும் மருத்துவமும் ஆலோசனையும் கிடைக்க உத்தரவிடலாம். தகுதி இருந்தால் நிதி ஆதரவுத் திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கவும் வழி உண்டு. அதே நேரத்தில் ஒன்றை மறைக்க மாட்டேன். உங்கள் வீட்டைச் சரிபார்க்கும்வரை சில நாட்கள் குழந்தைகள் வேறிடத்தில் இருக்க வேண்டிய நிலை வரலாம். அதைத் தவிர்க்க, உங்கள் ஆதார், வேலைச் சான்று, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற விவரம் ஆகியவற்றோடு, தகுதியுள்ள நபராக ஏற்கக் கோரும் மனுவையும் முதல் நாளே கையில் கொண்டு போங்கள். குழந்தைகளின் குடும்பச் சூழலை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும். இறுதி உத்தரவு 4 மாதத்துக்குள். உத்தரவில் மனக்குறை இருந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

குழு கூடும் அறை நீதிமன்றம் போல இருக்கக் கூடாது, குழந்தையோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன. அங்கே பெரியவளிடம் என்ன பேச வேண்டும் என்று தயவுசெய்து சொல்லிக் கொடுக்காதீர்கள். தலையணைக்குள் பிஸ்கட் வைத்ததை நீங்கள் பார்த்ததாக நீங்கள் சொல்லுங்கள். ஏன் வைத்தாள் என்பதை அவள் சொல்ல நினைத்தால் சொல்லட்டும். பாடம் படித்த குழந்தையின் வாக்குமூலத்தை அனுபவமுள்ள உறுப்பினர்கள் முதல் இரண்டு வாக்கியத்திலேயே அடையாளம் கண்டுவிடுவார்கள், அதன்பிறகு உண்மையும் எடுபடாது.

தங்கையின் நிலை

நலக் குழு யாரையும் சிறைக்கு அனுப்பாது. தண்டனை என்று வந்தால் அது காவல்துறை வழக்கில்தான். இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பொறுப்பிலிருக்கும் குழந்தையை வேண்டுமென்றே புறக்கணிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. கவனமின்மையால் மரணம் விளைவித்ததாகக் கருதினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்கீழ் 5 ஆண்டு வரை ஆகலாம். 'வேண்டுமென்றே' என்ற சொல் தங்கைக்குச் சாதகமானது. ஆனாலும் ஆபத்தே இல்லை என்று நான் உறுதி கூற முடியாது. குழுவின் முன் நீங்கள் சொல்வது காவல்துறையின் காதுக்கும் போகலாம். ஆகவே பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 'அவள்தான் கொன்றாள்' என்பது போல நீங்கள் ஊகித்ததை உண்மையென்று எழுதாதீர்கள். கடிதத்தில் ஓரிடத்தில் அப்படி எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்தது சரி.

உங்களுக்கும் தங்கைக்கும் ஒரே வழக்கறிஞர் வேண்டாம். இன்று உங்கள் நோக்கம் ஒன்றாகத் தெரிந்தாலும் நாளை குழந்தைகள் யாரிடம் என்ற கேள்வியில் எதிரெதிராக நிற்க நேரலாம். பெண் என்ற முறையில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழியாக அவருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100-க்கு அழைத்தால் போதும்.

இந்த வாரமே முதலில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசி, குழந்தைகள் உங்களிடம் இருப்பதையும் மிரட்டல் வருவதையும் பதிவு செய்யுங்கள். பிறகு குழுவுக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புகை வாங்குங்கள். இறந்த குழந்தையின் தாய் சேய் அட்டை, அங்கன்வாடியின் எடைப் பதிவேடு, மருத்துவமனைப் பதிவு ஆகியவற்றைக் குழுவே வரவழைக்கும்படி அந்த மனுவில் கேளுங்கள். தனி மனிதராக நீங்கள் போய்க் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். மாதாமாதம் குறித்த எடைகள், குழந்தை எப்போது இளைக்கத் தொடங்கியது என்பதைச் சொல்லும். அது தங்கையின் உடல்நிலை மோசமான மாதமா, கணவர் சம்பளத்தை வீட்டுக்குத் தராத மாதமா என்பதைப் பொருத்திப் பார்க்கலாம்.

அந்தக் குரல் செய்தியை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம், போனை மாற்றவும் வேண்டாம். வேறு போனுக்கு அனுப்பிய நகலைவிட, முதலில் வந்திறங்கிய கருவியும் அதற்கான மின்னணுச் சாட்சியச் சான்றிதழும் நீதிமன்றத்தில் நிற்கும். அதைக் கேட்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை; தங்கையின் வழக்கறிஞரிடம் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.